எந்த விரல் மரத்துப்போகிறது? கணினிக் கைவலி: வாசகர் கேள்வி–பதில்

கணினி வேலையால் வரும் கைவலி பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். டர்பன், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, மிட்ராண்ட் என்று தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. "எந்த மவுஸ் வாங்கலாம்?" என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. அதற்குப் பதில் சொல்லுமுன் வலி எங்கே, மரத்துப்போவது எந்த விரல் என்று தெரிந்தாக வேண்டும். கைவலி என்று ஒரே பெயரில் சொல்லும் நோய்கள் நாலைந்து உண்டு. ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் சாதனம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

கேள்வி: உம்ஷ்லாங்காவில் ஒரு கால்சென்டரில் வேலை. வயது 41. இரவு இரண்டு, மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. பகலில் டைப் செய்யும்போது அவ்வளவு தொல்லை இல்லை. ரத்த ஓட்டக் குறைவு என்கிறார் அம்மா. சர்க்கரை ஆரம்பநிலையில் இருக்கிறது. வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா?

பதில்: இன்றிரவு விழிப்பு வந்ததும் உதறுவதற்கு முன் எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அதோடு மோதிரவிரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் கார்பல் டனல் தொல்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே சிறிது வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். தூங்கும்போது நாம் அறியாமல் மணிக்கட்டை மடித்துக்கொள்கிறோம். அப்போது அழுத்தம் ஏறுகிறது. இரவில் மரத்துப்போவதும் உதறினால் சரியாவதும் இதனால்தான். ரத்த ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடித்து 60 நொடி வைத்திருங்கள். அதற்குள் அந்த மூன்றரை விரல்களில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வராவிட்டால் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிகிச்சை இரவு ஸ்பிளின்டில், அதாவது மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் உறையில், தொடங்கும். பார்மசியில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல ஸ்பிளின்டுகளில் உள்ளங்கைப் பக்கம் இருக்கும் உலோகப் பட்டை மணிக்கட்டை 20–30 டிகிரி மேல்நோக்கித் தூக்குமாறு வளைந்தே வருகிறது. உங்களுக்கு வேண்டியது நேர்நிலை. பட்டையை உறையிலிருந்து உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி ஏறக்குறைய நேராக்கித் திரும்பச் செருகுங்கள். மாட்டிய பிறகு நடுவிரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் அடிக்கணு வரை தாராளமாக மடங்க வேண்டும். பட்டியை இறுக்கிக் கட்டினால் நரம்பை இன்னும் நசுக்கும்; பட்டிக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு போதும். தவறாமல் ஆறு வாரம், எல்லா இரவும் போடுங்கள். இரண்டு மூன்று நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கழற்றி வைப்பதுதான் இதில் பலர் செய்வது. பகலில் வேலை செய்யும்போது ஸ்பிளின்ட் வேண்டாம். அதை எதிர்த்து டைப் செய்தால் முழங்கையும் தோளும் கூடுதலாக உழைக்கும்.

உங்கள் சர்க்கரை இதில் முக்கியமான பங்காளி. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம், உடல் பருமன் இவையெல்லாம் கார்பல் டனலுக்கு வழி வகுப்பவை. கீபோர்டு மட்டுமே இதைக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. ஆகவே வேலையை விடும் முடிவு இப்போது வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் அளந்து பார்க்க வேண்டும்.

மேசை விளிம்பில் மணிக்கட்டைப் பதித்து வேலை செய்கிறவரா என்று பாருங்கள். உலோகப் பட்டை வாட்ச், தடித்த வளையல் இரண்டும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுத்தும். வேலை நேரத்தில் கழற்றி வையுங்கள், அல்லது மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் ஏற்றிவிடுங்கள்.

இவை இருந்தால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள்: மரப்பு நாள் முழுதும் விடாமல் இருப்பது, சட்டைப் பொத்தான் போட முடியாமை, கோப்பை கைநழுவுவது, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிவது. சதை வற்றியது என்றால் நரம்பு நெடுநாள் நசுங்கியிருக்கிறது என்று பொருள். நரம்புக் கடத்தல் சோதனை செய்து, தேவையென்றால் அறுவை சிகிச்சையால் மணிக்கட்டின் அந்தப் பட்டையான தசைநாரை வெட்டி இடம் கொடுப்பார்கள். சின்ன அறுவைதான். ஆனால் தாமதித்துச் செய்தால் வற்றிய சதை முழுதும் திரும்பி வராது.

கேள்வி: பீனிக்ஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். என் உயரம் 152 செ.மீ. கழுத்து, தோள், இரண்டு மணிக்கட்டும் வலிக்கின்றன. விலை உயர்ந்த நாற்காலி வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு அளவுநாடா எடுங்கள்.

பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம்? உங்கள் உயரத்துக்கு 60 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் வரும். சாப்பாட்டு மேசை பொதுவாக 75 செ.மீ. நீங்கள் தோளைத் தூக்கிக்கொண்டுதான் டைப் செய்கிறீர்கள். நாள் முழுதும் தூக்கிய தோளுக்கு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மேசையைக் குறைக்க முடியாது, ஆளை உயர்த்தலாம். சாப்பாட்டு நாற்காலி 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல், உட்கார்ந்து அமுங்கிய பிறகும் 8 செ.மீ. நிற்கக்கூடிய கெட்டியான மெத்தை போட்டால் முழங்கை மேசை மட்டத்துக்கு வந்துவிடும். சாதாரண ஸ்பாஞ்சு அமுங்கிப் பாதியாகிவிடும். கடையில் கையால் அழுத்திப் பார்த்து ஏமாறாமல் அதன்மேல் உட்கார்ந்து அளந்து வாங்குங்கள். இப்போது பாதம் அந்தரத்தில் தொங்கும். அப்படியே விட்டால் தொடையின் அடிப்பகுதி நசுங்கிக் கால் மரக்கும். காலை ஊன்ற முன்னால் சரிவீர்கள், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு ரீம் கிட்டத்தட்ட 5 செ.மீ. தடிமன். மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு வைத்து மேலே ஒரு பலகை போட்டால் பாதத்துக்குத் தாங்கல் கிடைத்துவிடும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து முன்னால் வாருங்கள்.

அடுத்து லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் ஒன்று கழுத்து கெடும், இல்லையென்றால் தோள் கெடும். இரண்டையும் பிரிப்பது ஒன்றே வழி. தனிக் கீபோர்டு, தனி மவுஸ் வாங்குங்கள். மிகச் சாதாரணமானதே போதும். லேப்டாப்பை மூன்று நான்கு ரீம்மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். நீட்டிய கை திரையைத் தொடும் தூரம் சரியானது. இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ புரோக்ரசிவ் கண்ணாடியோ போடுகிறவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலி வரும்.

கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னக் கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது. ஜி, எச் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள கோடு உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்கட்டும். முழுக் கீபோர்டின் சட்டத்தை நடுவில் வைத்தால் வலப்பக்க எண்பலகை காரணமாக எழுத்துகள் இடப்பக்கம் தள்ளிப்போகும், இரண்டு மணிக்கட்டும் கோணலாகும்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் படுக்கையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்துப் பழகியது பலருக்கு இன்னும் விடவில்லை. மின்சாரம் போனாலும் மேசையிலேயே இருங்கள். கம்பியில்லாக் கீபோர்டும் மவுஸும் சிறு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். விளக்குக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

கேள்வி: சாட்ஸ்வொர்த் கோயில் ஒன்றில் செயலாளராக இருக்கிறேன், வயது 63. விழா அழைப்பிதழ், தேவார வகுப்புப் பாடங்கள் எல்லாம் நானே தமிழில் டைப் செய்கிறேன். ஆங்கிலம் அடித்தால் வலி இல்லை. தமிழ் ஒரு பக்கம் அடித்தால் இடக்கைச் சுண்டுவிரலும் அதன் கீழே கை ஓரமும் வலிக்கின்றன. இது என்ன விந்தை?

பதில்: ஐயா, அது ஷிஃப்ட் வலி. நீங்கள் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறோம். அதில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வாக்கியத்துக்கு ஒன்றிரண்டுதான். தமிழிலோ "அவர்கள்", "பண்ணினார்கள்", "பெற்றோர்கள்" என்று வரிக்கு வரி வருகிறது. கையில் மிகவும் வலுக்குறைந்த விரலை ஓரத்துக்கு நீட்டி, அங்கேயே அழுத்திப் பிடித்தபடி மற்ற விரல்களால் அடிக்கிறீர்கள்.

உடனே செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, வலப்பக்க எழுத்துக்கு இடது ஷிஃப்ட், இடப்பக்க எழுத்துக்கு வலது ஷிஃப்ட். ஒரே கையால் இரண்டையும் அடிக்காதீர்கள். இரண்டாவது, விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போடவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அதன்பின் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை தட்டி விட்டுவிட்டு எழுத்தை அடித்தால் போதும், எந்த விரலாலும் தட்டலாம்.

நிலையான தீர்வு வேண்டுமென்றால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுங்கள் என்போம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான விசை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஆகவே இரு கையும் மாறி மாறி வேலை செய்கின்றன. தமிழ் எழுத்து எதற்கும் ஷிஃப்ட் தேவையில்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான். "பள்ளி" என்று அடிக்க ஒலிமுறையில் ஐந்து தட்டல், அதோடு ஷிஃப்டைப் பிடித்தல். தமிழ்99-இல் ப, ள, ள, இ என நான்கே தட்டல். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் புள்ளி தானாக விழும். ந்த, ங்க, ண்ட, ம்ப போன்ற இணைகளிலும் அப்படியே. விண்டோஸ் 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிள் கணினியிலும் இருக்கிறது.

பழகும்போது வேகம் குறையும். தைப்பூச அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற வாரத்தில் தொடங்காதீர்கள். வேலை குறைந்த மாதத்தில் நாளைக்கு 15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பாடங்களுக்குக் குரலைப் பயன்படுத்தலாம். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங்கை எடுத்து மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பேசுவதை எழுதும். பேச்சுவழக்கில் சொன்னால் தடுமாறும். செய்தி வாசிப்பது போல் எழுத்துநடையில் சொன்னால் நன்றாகப் பிடிக்கும். சந்தி, ற–ர, ண–ன பிழைகளைத் திருத்த வேண்டியிருக்கும். தேவாரப் பாடல் வரிகளை மட்டும் இதில் நம்பாதீர்கள், கையால்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கணக்கர். வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வலி. கெட்டில் தூக்கினால், கைகுலுக்கினால் சுருக்கென்கிறது. நிமிர்ந்த மவுஸ் (கைகுலுக்குவது போல் பிடிக்கும் வகை) வாங்கினால் போகும் என்று நண்பர் சொல்கிறார். டாக்டர் ஊசி போடலாம் என்கிறார்.

பதில்: டென்னிஸ் எல்போ என்று சொல்வார்கள், டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகள் எல்லாம் அந்த எலும்பு முனையில்தான் ஒட்டியிருக்கின்றன. உங்கள் கை மவுஸ்மேல் இருக்கும்போது ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். தவறிக் கிளிக் ஆகிவிடக்கூடாதென்று பட்டனுக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே அந்த விரலைத் தூக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். கிளிக் செய்வதைவிட அந்தத் தூக்கல்தான் தசையைக் களைக்கவைக்கிறது, ஏனென்றால் அது ஒரு நொடியும் ஓய்வதில்லை. விரலைப் பட்டன்மேல் படுக்கவிடுங்கள். படிக்கும்போது மவுஸைவிட்டுக் கையை மடிமேல் எடுத்துவிடுங்கள்.

கணக்கருக்கு எண்பலகை வேண்டும், ஆனால் அதுவே மவுஸை வலப்பக்கம் வெகுதூரம் தள்ளுகிறது. எண்பலகை இல்லாத குட்டைக் கீபோர்டும் தனியாக ஒரு யுஎஸ்பி எண்பலகையும் வாங்கி, எண்பலகையை இடப்பக்கம் வையுங்கள். மவுஸ் தோளுக்கு நேராக வந்துவிடும். இடக்கையால் எண் அடிக்கப் பழகச் சில வாரம் ஆகும், பிறகு வலக்கையின் சுமை நன்றாகக் குறையும். சுட்டியின் வேகத்தையும் கூட்டுங்கள். திரை முழுவதையும் கடக்க மணிக்கட்டசைவு மட்டும் போதும் என்கிற அளவுக்கு.

நிமிர்ந்த மவுஸ் உங்களுக்கு உதவலாம். ஆனால் பெரிய அளவு வாங்கிச் சின்னக் கையால் இறுகப் பிடித்தால் வலி கட்டைவிரலுக்கு இடம்பெயரும். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஊசி பற்றி எங்கள் கருத்து தெளிவானது: இந்த வலிக்கு அவசரப்பட வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரம் அருமையாக இருக்கும். ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்புவதுதான் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தசைநாணுக்கு வேண்டியது படிப்படியான பளு.

முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். 500 மி.லி. தண்ணீர்ப் புட்டி, அதாவது அரைக் கிலோ, பிடித்துக்கொள்ளுங்கள். இடக்கையால் வலக்கையை மேலே தூக்கிவிட்டு, வலக்கை மட்டும் நான்கு நொடி எண்ணி மெல்ல இறக்கட்டும். 15 முறை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று, நாளைக்கு ஒருவேளை. செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் பளுவைக் குறையுங்கள். இரண்டு வாரம் சுலபமாக இருந்தால் கால் கிலோ கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று விடுகிறவர்கள்தான் மீண்டும் ஊசிக்குப் போகிறார்கள்.

கேள்வி: மிட்ராண்டில் மென்பொருள் வேலை. மதுரையிலிருந்து வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கட்டு வலிக்கு டிராக்பால் (உருண்டையை உருட்டிச் சுட்டியை நகர்த்தும் சாதனம்) நல்லதென்று வாங்கினேன். ஒரே மாதத்தில் கட்டைவிரல் அடியில் தாங்க முடியாத வலி. ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது.

பதில்: நீங்கள் வாங்கியது கட்டைவிரலால் உருட்டுகிற வகையாக இருக்கும். கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சிறு உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் உரசினால், கப்பியில் கயிறு தேய்வது போல, உறை தடித்துவிடும். டிகெர்வேன் நோய் என்று பெயர். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் உயிர்போகிற வலி வரும். ஒரு முறை பார்த்தால் போதும்.

டிராக்பால் மட்டும் காரணமில்லை. ஸ்பேஸ்பாரை ஒரே கட்டைவிரலால் ஓங்கி அடிப்பது, போனில் கட்டைவிரலால் டைப் செய்வது, குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குவது எல்லாமே அந்த இரு நாண்களைத்தான் இழுக்கின்றன. குழந்தையை ஒரு கை பிட்டத்தின் அடியிலும் மறு கை முதுகின் பின்னாலும் கொடுத்து, உள்ளங்கை மேல்பார்க்க, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி அள்ளுங்கள். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் மூன்று முதல் ஆறு வாரம். சாதாரண மணிக்கட்டு ஸ்பிளின்ட் இதற்குப் பயன்படாது.

முந்தைய பதிலில் ஊசி வேண்டாமென்றோம். இங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆகவே ஸ்பிளின்டில் குறையாவிட்டால் தயங்காதீர்கள். பாலூட்டுகிற தாயானால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டிராக்பால்தான் வேண்டுமென்றால் பெரிய உருண்டையை நடுவிரல்களால் உருட்டும் வகையை எடுங்கள்.

உங்கள் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் ஜூன், ஜூலைக் குளிர்காலக் காலையில் கை விறைத்திருக்கும்போதே நேராகக் கீபோர்டில் உட்காராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை நனைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரக்கின்றன. கார்பல் டனல் ஸ்பிளின்ட் போட்டும் குறையவில்லை. (டொங்காட்)

பதில்: குறையாது, நசுங்குவது வேறு நரம்பு, வேறு இடம். முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போலிருக்குமே, அந்த இடம். நாற்காலிக் கைப்பிடியிலோ மேசை விளிம்பிலோ முழங்கையை ஊன்றுவதை நிறுத்துங்கள். போனைக் காதில் பிடித்து முழங்கையை மடக்கி நெடுநேரம் பேசாமல் ஹெட்செட் போடுங்கள். இரவில் ஒரு துவாலையை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி நாடாவால் கட்டினால் தூக்கத்தில் முழுக்க மடங்காது. கழுத்திலிருந்து வரும் நரம்பாலும் இதே விரல்கள் மரக்கலாம்; கழுத்தைத் திருப்பினால் கூடுகிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவிவிடலாமா? மாத்திரை? (வெருலம்)

பதில்: தசை வலிக்கு மிதமான சூட்டில் தேய்ப்பது இதம் தரும், தடையில்லை. மரத்துப்போகும் கையை அழுத்தி உருவுவது, சொடுக்கெடுப்பது வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடும் தெரியாது. கொப்பளித்த பிறகுதான் தெரியும். வலிக்கு இபுபுரோஃபென் வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் ஜெல் வெளியே தடவுவது அதைவிடப் பாதுகாப்பானது.

கேள்வி: இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன், வலி போயிற்று. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே பழைய வலி. எவ்வளவு நாள்தான் ஓய்வெடுப்பது? (லெனேசியா)

பதில்: ஓய்வால் வலி அடங்கும், கை வலுவடையாது. இரண்டு வாரம் சும்மா இருந்த கையிடம் முதல் நாளே எட்டு மணி நேர வேலையைக் கேட்டிருக்கிறீர்கள்.

வலி கூடாமல் ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் டைப் செய்ய முடிகிறது என்று பாருங்கள். 20 நிமிடம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 16 நிமிடத்தில் நிறுத்துங்கள், வலி வருவதற்கு முன்பே. ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டு மீண்டும் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் வலி மிச்சமிருந்தால் ஒரு படி இறங்குங்கள். இந்தக் கணக்கில் அலுவலகக் கணினி மட்டுமல்லாமல் வாட்ஸ்அப், ரொட்டி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, துணி பிழிவது எல்லாம் சேரும். கைக்கு எல்லாம் ஒரே சுமைதான். சனிக்கிழமை முப்பது ரொட்டி தேய்த்துவிட்டுத் திங்கட்கிழமை கீபோர்டைக் குறைசொல்ல வேண்டாம்.

இடைவேளையை நினைவில் வைக்க முடியாது, வேலையில் மூழ்கினால் மறந்துவிடும். வொர்க்ரேவ், ஸ்ட்ரெச்லி இரண்டும் இலவச மென்பொருள்கள். 25 நிமிடத்துக்கு 30 நொடி, மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 நிமிடத்தில் போனைக் கையில் எடுத்தால் அது இடைவேளை ஆகாது.

கேள்வி: கை பிசியோவுக்கு (இயன்முறை சிகிச்சைக்கு) ஆகும் செலவைக் கம்பெனி தருமா? "இது வேலைக்காயம் இல்லை, விழுந்து அடிபட்டாயா?" என்கிறார்கள். (டர்பன்)

பதில்: விழுந்து அடிபட்டால்தான் என்று சட்டம் சொல்லவில்லை. 1993-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் விபத்தை மட்டுமல்ல, வேலையால் வரும் நோயையும் சேர்த்துக்கொள்கிறது. வேலைதான் காரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த வேலை, எத்தனை மணி நேரம், எந்த விரல், விடுப்பு நாளில் குறைந்ததா. வார இறுதியில் குறைந்து வேலை நாளில் கூடுவது வலுவான சான்று. நிர்வாகத்துக்கு வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். தொழில்நோய் என்று தெரிந்த பிறகு 14 நாளுக்குள் இழப்பீட்டு நிதியத்துக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. சர்க்கரை, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இருந்தால் ஏற்பு கடினமாகலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தக்காரராகச் சொந்தமாகப் பில் போடுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அதோடு 2019-இல் வந்த எர்கானாமிக்ஸ் (வேலையை உடலுக்கேற்ப அமைத்தல்) விதிகள்படி வேலையிடத்தில் இப்படிப்பட்ட ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைப்பதும் பயிற்சி தருவதும் முதலாளியின் பொறுப்பு. உங்கள் மின்னஞ்சலில் "என் மேசையை மதிப்பிடுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். கூடவே வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பாதத்தாங்கி, தனிக் கீபோர்டு, ஹெட்செட். "ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால் பதிலும் அப்படியே வரும்.

பிசியோவிடம் போக டாக்டர் சீட்டு தேவையில்லை, நேராகவே போகலாம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தருமா என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் கிளினிக்கில் காட்டி, அரசு மருத்துவமனையின் ஆக்குபேஷனல் தெரபி (செயல்முறை சிகிச்சை) பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிளின்டைக் கையளவுக்கே செய்து கொடுப்பது அந்தப் பிரிவுதான்.